ஊசியும் மூளையும் காலமும்

ஊசி குத்தினால் நோகும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஊசி குத்தினால் நோவு ஆறும் என்று சீன தேசத்து வைத்தியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அக்குபங்சர் என உலகெங்கும் வழங்கும் அந்த வைத்திய முறை, நவீன விஞ்ஞானத்தின் கைகளிற் சிக்கிய பின்னர் எத்தகைய சோதனைகளுக்கு உள்ளாயிற்று என்பதும், அச்சோதனைகளிலே காலம் என்னும் ஒன்றை ஆராய்ச்சியாளர் நெடுநாள் கவனியாது விட்டமையால் நேர்ந்த குழப்பம் யாது என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

மேல்நாட்டார் இம்முறையின்பாற் கண்ணைத் திருப்பியதற்கு ஒரு பத்திரிகையாளரின் வயிறு காரணமாயிற்று என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் பெயர்பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்ற்றன் 1971ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பீக்கிங் நகருக்குச் சென்றிருந்தபொழுது, அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. அங்குள்ள வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை நடைபெற்றது. சிகிச்சைக்கு மறுநாள் இரவு வயிற்றுப் பொருமல் அவரை வாட்டியது. முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மெல்லிய நீண்ட ஊசிகளைச் செலுத்தி, மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே வெம்மை காட்டினர். ஒரு மணி நேரத்திற்குள் உபாதை நீங்கிற்று என்று அவர் தம் பத்திரிகையில் எழுதினார். சத்திரசிகிச்சையின்போது அவருக்கு வழக்கமான விறைப்பு மருந்துகளே ஏற்றப்பட்டன. ஆயினும், ஊசியினாலேயே மயக்கி வயிற்றைக் கீறினார்கள் என்ற கதை பரவிவிட்டது. அது தவறு. கதைகள் உண்மையிலும் வேகமாகக் கடல் கடக்கும்.

ரெஸ்ற்றன் பீக்கிங்குக்கு வருவதற்கு ஆறாண்டுகளின் முன்னரே அந்நகரின் மருத்துவக் கல்லூரியில் ஹான் ஜிஷெங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் இவ்விடயத்தை ஆராயத் தொடங்கியிருந்தார். அவர் குழுவினர் செய்த சோதனை மிக எளிமையானது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சதைப்பற்றான ஓரிடம் உண்டு. சீனர் அதனை ஹெகு என்பர். அவ்விடத்தில் ஊசியைச் செலுத்தி ஐம்பது நிமிடம் வரை தூண்டிக்கொண்டே, உடலின் பல பகுதிகளில் தோலின் வழியாகச் சிறு மின்னோட்டத்தாற் பொற்றாசியம் அயன்களைச் செலுத்தி, எந்த அளவில் நோவு தோன்றுகிறது என்று இடையிடையே அளந்தனர். ஊசி ஏற்றிய மறுகணமே நோவு குறையவில்லை. சிறிது சிறிதாக, அரை மணி நேர அளவில், நோவைத் தாங்கும் ஆற்றல் உச்சத்தை அடைந்தது. ஊசியைப் பிடுங்கிய பின்னரும் அது உடனே மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 16 நிமிடத்திற்கு ஒருமுறை பாதி பாதியாகத் தேய்ந்தது. 16 நிமிடத்திற் பாதி, 32 நிமிடத்திற் கால், 48 நிமிடத்தில் அரைக்கால் என, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் ஆறுமாப்போல அது ஆறியது. ஊசி ஏற்றும் இடத்திற் புரோக்கெயின் என்னும் விறைப்பு மருந்தை முன்கூட்டியே ஏற்றியபோது, ஊசியினாற் பயன் யாதும் விளையவில்லை. ஆகவே, நரம்பின் வழியாகவே செய்தி செல்கிறது என்பது தெளிவாயிற்று. இப்பெறுபேறுகள் 1973ஆம் ஆண்டில் அச்சேறின. அந்தப் பதினாறு நிமிடக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

இவ்வாறு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒன்று, உடலிற் சுரக்கும் ஏதோ ஓர் இரசாயனப் பொருளாக இருத்தல் கூடும் என ஹான் ஐயுற்றார். ஊசி ஏற்றிய முயலின் மூளைக் குழிகளிலிருந்து நீரை எடுத்து, ஊசியே கண்டறியாத மற்றொரு முயலின் மூளைக்குள் ஏற்றினர். இரண்டாம் முயலும் நோவைக் கூடுதலாகத் தாங்கிற்று. 1975இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கொஸ்ரலிற்ஸ் என்னும் இருவர், அபின்போலத் தொழிற்படும் பொருள்கள் மூளையிலேயே உண்டாகின்றன எனக் கண்டறிந்தனர். 1977இல் அமெரிக்காவிலே மேயர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், அபினின் தொழிலை முறிக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபொழுது ஊசியினாற் பெற்ற நோவாற்றல் குன்றியதாக அறிவித்தனர். கதை ஒழுங்காகவே சென்றுகொண்டிருந்தது.

இந்நிலையிலேதான் மூளையைத் திறவாமலே அதன் தொழிலைக் காணும் கருவி வந்து சேர்ந்தது. எம். ஆர். ஐ. எனப்படும் காந்தப் பரிவுக் கருவி இன்று பெரிய வைத்தியசாலைகளிலெல்லாம் உண்டு. அதனைக் கொண்டு மூளையின் அமைப்பை மட்டுமன்றித் தொழிலையும் காண வழியுண்டு என்பதை யப்பானியரான செய்ஜி ஒகாவா, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த காலத்தில், 1990ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். அதன் அடிப்படை குருதியில் இருக்கிறது. ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினுக்கும், ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபினுக்கும் காந்த இயல்பு வேறுபடும். இதனைப் போலிங், கோரியல் என்னும் இருவர் 1936இலேயே கண்டிருந்தனர். மூளையின் ஒரு பகுதி முனைந்து வேலை செய்யுங்கால் அவ்விடத்திற்குப் புதுக் குருதி பாய்கிறது. வேண்டியதிலும் மிகையாகவே பாய்கிறது. அதனால் அவ்விடத்துக் காந்தச் சைகை சற்றே உயர்கிறது. இந்த உயர்வு உச்சத்தை எட்ட ஐந்தாறு செக்கன்கள் செல்லும். ஆதலின் கருவி காட்டுவது எண்ணத்தை அன்று. எண்ணத்தின் பின்னே ஓடிவரும் குருதியை.

சைகை சற்றே உயர்கிறது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவினதே. மூச்சு, நாடித்துடிப்பு, தலையின் அசைவு ஆகிய எல்லாம் அதனை மூழ்கடிக்கக்கூடும். போதாக்குறைக்கு, கருவியின் சைகை தானாகவே நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியும் இறங்கியும் நகரும் குணமுடையது. இவ்விடர்களைக் கடக்க ஆராய்ச்சியாளர் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். அரை நிமிடம் விரலை ஆட்டு, அரை நிமிடம் சும்மா இரு, மறுபடி ஆட்டு, மறுபடி சும்மா இரு. இவ்வாறு பலமுறை செய்வித்து, ஆட்டிய வேளைகளின் படங்களிலிருந்து சும்மா இருந்த வேளைகளின் படங்களைக் கழித்தால் எஞ்சுவது விரலாட்டத்தின் பயன் ஆகும். விரலாட்டத்திற்கு இது மிக நல்ல உபாயம். ஏனெனில், ஆட்டம் நின்ற சில செக்கன்களில் மூளையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

அக்குபங்சரை ஆராய முற்பட்டவர்களும் இதே உபாயத்தையே எடுத்தனர். காந்தம் கவராத உலோகத்தாற் செய்த ஊசியை ஒருவரின் கையிலோ முழங்காலுக்குக் கீழோ ஏற்றிவிட்டு, அவரைக் கருவியின் குகைக்குள் கிடத்துவர். வைத்தியர் பக்கத்தில் நின்று ஊசியை ஓரிரு நிமிடம் திருகுவார், பின்னர் விட்டுவிடுவார், மறுபடியும் திருகுவார். திருகிய வேளையிலிருந்து திருகாத வேளையைக் கழிப்பர்.

இதிலுள்ள பிழை யாது? ஒரு கோயிற் காண்டாமணியை நினைத்துக்கொள்வோம். அதன் நாக்கை இழுத்துச் சில முறை அடித்துவிட்டு நிறுத்துகிறார்கள். அடித்தபின் நெடுநேரம் ரீங்காரம் நிற்கிறது. அந்த ரீங்காரம் நிற்கும் வேளையையே ‘நிசப்தம்’ என்று ஒருவர் குறித்துக்கொண்டு, மணியடித்த வேளையின் ஓசையிலிருந்து அதனைக் கழித்தால் அவருக்கு எஞ்சுவது யாது? நாக்கு மணியில் மோதிய தட்டோசை மட்டுமே. மணியின் நாதம் முழுவதும் கணக்கிலே கழிந்து போய்விடும். ஊசியின் பயன் 16 நிமிடத்திற்குப் பாதியாகவே குறைகிறது என்றால், ஓரிரு நிமிட ஓய்வு ஓய்வாகாது. அவ்வோய்விலும் ஊசி வேலை செய்துகொண்டேயிருக்கிறது. இரண்டாம் முறை திருகும்போது முதன்முறையின் பயன் மேல் அது ஏறி நிற்கிறது. இவ்வாறு கழித்துப் பெற்ற படம், தோலிலே ஊசி உராய்ந்த உணர்ச்சியைக் காட்டலாம். வைத்தியத்தின் பயனைக் காட்டும் என்று நம்ப இயலாது. ஹானின் கணக்கு அச்சிலே வெளிவந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரும் கருவியருகே நின்றவர்கள் பலர் அதனைக் கருதாது விட்டமை வியப்புக்குரியதே.

அக்காலத்துப் படங்களில் மிகுந்த ஆரவாரத்தை எழுப்பியது 1998ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் வந்த ஒரு கட்டுரை. கொரிய நாட்டவரான சோ சாங்-ஹீயும் கூட்டாளிகளும் எழுதியது அது. காலின் சிறுவிரற் பக்கத்தில் ஓர் ஊசிப்புள்ளி உண்டு. கண்ணோய்க்கு அதனைப் பயன்படுத்துவது மரபு. அப்புள்ளியைத் தூண்டியபொழுது மூளையின் பிற்பகுதியிலுள்ள பார்வைப் புறணி தொழிற்பட்டதாக அவர்கள் கண்டனர். கால்விரலைக் குத்தினாற் கண்ணின் மூளை விழிக்கிறது! பழைய சாத்திரத்தைப் புதிய கருவி மெய்ப்பித்துவிட்டது என்று பலர் கொண்டாடினர். ஆனால் எட்டாண்டுகள் சென்றபின், 2006இல், அக்கட்டுரையை எழுதியோரே அதனை மீட்டுக்கொண்டனர். இன்ன புள்ளிக்கு இன்ன உறுப்பு என்ற முடிவை, பின்னர் தாம் செய்த ஆராய்ச்சிகள் தாங்கவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். இத்தகைய நேர்மை விஞ்ஞான உலகிலும் அரிது.

படத்தை எளிதில் நம்பிவிடலாகாது என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்றும் உண்டு. 2009இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை இக்கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதரின் படங்களைக் காட்டினர். கணக்கினைச் சரிவரத் திருத்தாவிடில் அம்மீனின் மூளையிலும் ‘தொழிற்பாடு’ தென்பட்டது. பல்லாயிரம் இடங்களை ஒரே வேளையில் அளக்கும்போது, சிலவற்றில் தற்செயலாகவே ஏற்றம் தோன்றத்தான் செய்யும்.

எனினும், அத்தொடக்க காலத்து ஆராய்ச்சிகள் யாவும் பதர் அல்ல. மசாச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் கத்லீன் ஹுய்யும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துப் பேசப்படுவது. ஊசி சரியாக இறங்கும்போது கனம், விறைப்பு, கடுப்பு, உள்ளே புடைப்பது போன்றதோர் உணர்வு உண்டாகும் என்றும், அது வந்தால்தான் பயன் உண்டு என்றும் சீன வைத்தியர் கூறுவர். ‘தே சீ’ என்பது அதன் பெயர். ஹுய் சோதித்த 13 பேரில் 11 பேருக்கு அவ்வுணர்வு தோன்றிற்று. அவர்களது மூளையில் அச்சத்தையும் உணர்ச்சிக் கொந்தளிப்பையும் ஆளும் ஆழ்ந்த பகுதிகளிலே சைகை தாழ்ந்தது. எஞ்சிய இருவருக்கு அவ்வுணர்வன்றிக் கூரிய நோவே உண்டாயிற்று. அவர்களிடத்திற் சில ஆழ்ந்த பகுதிகளிலே சைகை ஏறிற்று. இருவரைக் கொண்டு ஒரு விதியை நிறுவ முடியாதுதான். ஆயினும், மூளையில் ஒன்று எழுவதைத் தேடிய கண்களுக்கு, அடங்குவதும் கவனிக்கத்தக்கது என்பதை அது உணர்த்திற்று.

காலத்தைக் கணக்கில் எடுக்கும் ஆராய்ச்சி 2008ஆம் ஆண்டளவிலே தலைதூக்கியது. அவ்வாண்டிலே மசாச்சூசெற்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த நபடோவும் குழுவினரும், ஊசி திருகும் வேளையை விட்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மனிதர் சும்மா கிடக்கும் வேளையில் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புகொள்கின்றன என்று பார்த்தனர். மெய்யான ஊசிக்குப் பின்னர், ஓய்வு வேளையில் இயங்கும் வலைப்பின்னல், நோவையும் நினைவையும் சார்ந்த பகுதிகளுடன் கூடுதலாக இணைந்திருந்தது. தோலை மட்டும் தொட்ட போலிச் சிகிச்சையின் பின்னர் அவ்வாறு காணப்படவில்லை. அதே காலத்தில் பீக்கிங்கிலுள்ள சீன விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த தியென் ஜியே குழுவினர் வேறொரு முறையைக் கையாண்டனர். ஒரே ஒரு முறை ஊசியைத் திருகுவது. பின்னர் ஊசியை அசையாது விட்டு, பல நிமிடங்கள் தொடர்ந்து மூளையைப் படமெடுப்பது. மணியை ஒருமுறை அடித்துவிட்டு ரீங்காரம் அடங்கும்வரை காது கொடுப்பது போன்றது இது. மூளையின் பகுதிகள் யாவும் ஒருங்கே எழுந்து ஒருங்கே அடங்கவில்லை என்பதை அவர்கள் கண்டனர். தொடுகையை உணரும் பகுதிகள் திருகலோடு எழுந்து விரைவில் ஓய, உணர்ச்சியைச் சார்ந்த ஆழ்ந்த பகுதிகள் திருகல் நின்ற பின்னரும் மாறிக்கொண்டேயிருந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு காலக்கதி. ஊசியை ஏற்றியவுடன் பிடுங்காது, அரை மணி நேரம் வரை உடலிலேயே விட்டுவைக்கும் சீன வைத்தியரின் பழக்கத்திற்கு இதிலே ஒரு நியாயம் புலப்படுகிறது.

இங்கே ஒரு குறுக்குச் செய்தி. சீன வைத்தியத்திலே காலம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. நாளைப் பன்னிரண்டு முகூர்த்தங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நாடியில் உயிர்ச்சக்தி பெருகி வடியும் என்றும், அவ்வேளை பார்த்தே ஊசி ஏற்ற வேண்டும் என்றும் விதிக்கும் மரபு அது. மேலே சொன்ன ஆராய்ச்சிகள் அளந்த காலம் அதுவன்று. ஊசி ஏற்றியபின் எத்தனை நிமிடம், எத்தனை வாரம் என்பதே இவர்களது கணக்கு. இவ்விரண்டையும் குழப்பி, பழைய பஞ்சாங்கம் நிரூபணமாயிற்று என்று பேசுவோர் உண்டாகலாம்.

புதிய முறைக்கும் இடர் இல்லாமல் இல்லை. கருவியின் சைகை தானே மெல்ல நகரும் எனக் கண்டோம். அந்நகர்வை வெல்வதற்காகவே பழைய ‘ஆட்டு, நிறுத்து’ உபாயம் பிறந்தது. மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஊசியின் பயனும், மெல்ல நகரும் கருவியின் குணமும், குகைக்குள் கிடப்பவருக்கு மெல்ல வரும் உறக்கமும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆகையால், அதே அளவு நேரம் ஊசியின்றிக் கிடப்பவரையும், போலியூசி ஏற்றியவரையும் ஒப்பு வைத்துப் பாராத ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை. ஒருமுறை மட்டும் திருகுவதனாற் சராசரி எடுக்கவும் இயலாது. எனவே சோதனைக்கு உட்படுவோர் தொகை கூடுதலாக வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து பேரோடு நின்றுவிட்ட பல ஆராய்ச்சிகளைக் குறித்து இந்தக் குறை சொல்லத்தான் வேண்டும்.

நோயாளிக்கு இவற்றாற் பயன் யாது என்ற கேள்வி எழும். மூளைப்படத்தில் ஒளி தோன்றுவதற்காக எவரும் ஊசி குத்திக்கொள்வதில்லை. இடுப்பு நோவு தீர வேண்டும் என்பதற்காகவே குத்திக்கொள்கின்றனர். ஜெர்மனியில் நாரிநோவுடைய 1,162 பேரை மூன்று பகுதியாக்கிச் செய்த பெரும் சோதனையின் பெறுபேறு 2007இல் வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின்னர், மரபுப்படி ஊசி ஏற்றப்பெற்றோரில் நூற்றுக்கு 47.6 பேரும், புள்ளியல்லாத இடங்களில் மேலாக ஊசி ஏற்றப்பெற்றோரில் 44.2 பேரும், மருந்தும் பயிற்சியுமாகிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 பேரும் குணம் கண்டனர். ஊசி பெற்றோர் மற்றையோரிலும் நலம் பெற்றனர் என்பது ஒருபுறம்; எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது மறுபுறம். ஊசிமுறையை ஆதரிப்போர் முதற்பாதியை மட்டும் சொல்வர். மறுப்போர் பிற்பாதியை மட்டும் சொல்வர். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே நோயாளிக்கு நன்று.

2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹரிஸ் குழுவினர் செய்த ஆராய்ச்சி இப்புதிரை இன்னும் இறுக்கிற்று. உடலெங்கும் தசை நோவினால் நெடுநாள் வருந்திய இருபது பெண்களுட் சிலருக்கு மெய்யூசியும் ஏனையோருக்குப் போலியூசியும் கொடுத்து, மூளையில் அபின் போன்ற பொருள்கள் பற்றும் வாங்கிகளை வேறொருவகைக் கருவியால் அளந்தனர். மெய்யூசி பெற்றோரிடத்தில் அவ்வாங்கிகளின் பற்றுதல் முதற் சிகிச்சையின்போதே கூடிற்று. சில வாரச் சிகிச்சையின் பின்னரும் கூடியிருந்தது. போலியூசி பெற்றோரிடத்தில் அவ்வாறு கூடவில்லை. ஆனால் இரு பகுதியாருக்கும் நோவு ஏறத்தாழ ஒரே அளவாகவே குறைந்தது! ஒரே ஊருக்கு இரு பாதைகள் இருப்பது போல, நோவுத் தணிவை மூளை வெவ்வேறு வழிகளில் எய்துகிறது என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்பார்ப்பும் வைத்தியரின் கவனிப்பும் ஒரு பாதை. ஊசி தானே செய்வது மற்றொரு பாதை.

அவ்விரு பாதைகளையும் வேறுபடுத்திக் காண்பதற்குக் காலமே துணை செய்தது. 2017ஆம் ஆண்டில் ‘பிரெயின்’ என்னும் சஞ்சிகையில் நபடோவின் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி மணிக்கட்டு நோய் ஒன்றைப் பற்றியது. மணிக்கட்டின் ஒடுங்கிய வழியிலே நரம்பு நசிந்து விரல்கள் விறைத்தும் நொந்தும் வருந்தும் நோய் அது. அந்நோயாளரது மூளையில், சுட்டுவிரலுக்கு உரிய இடமும் நடுவிரலுக்கு உரிய இடமும் ஒன்றையொன்று நெருங்கி மயங்கிக் கிடக்கும். எண்பது நோயாளர் மூன்று பகுதியாயினர். ஒரு பகுதியாருக்கு நொந்த கையிலும், ஒரு பகுதியாருக்கு எதிர்ப்புறத்துக் காலிலும் ஊசியேற்றி மின்னாற் தூண்டினர். மூன்றாம் பகுதியாருக்குப் போலிச் சிகிச்சை. எட்டு வாரத்திற் பதினாறு தடவை இது நடைபெற்றது. சிகிச்சை முடிந்த வேளையில் மூன்று பகுதியாரும் நோவு குறைந்ததாகவே சொன்னார்கள். அங்கேயே கணக்கை முடித்திருந்தால் ஊசி வேறு, போலி வேறு என்று பிரித்திருக்க முடியாது. ஆனால் மணிக்கட்டு நரம்பின் வழியாகச் செய்தி செல்லும் வேகத்தை அளந்தபோது, மெய்யூசி பெற்றோரிடத்திலேயே முன்னேற்றம் தெரிந்தது. மூளையில் இரு விரல்களின் இடங்களும் விலகி மீண்டதும் அவர்களிடத்திலேதான். ஆராய்ச்சியாளர் மூன்று மாதங்கள் காத்திருந்து மறுபடியும் நோயாளரை விசாரித்தனர். மெய்யூசி பெற்றோருள், மூளையில் அவ்விடங்கள் எவருக்குக் கூடுதலாக விலகியிருந்தனவோ, அவர்களிடத்தே சுகமும் கூடுதலாக நிலைத்திருந்தது.